மருந்துச் சீட்டும் இரண்டு தெனாரியமும்

(நமது ஆலய வெள்ளி விழா நிறைவு நாளன்று, திருப்பலிக்குப் பின் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)

 

விழா மேடையில் நிற்பவன் இனிய செய்திகளையே சொல்ல வேண்டும் என்பது மரபு. இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தப் பங்கு கண்ட வளர்ச்சியை எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாக எடுத்துச் சொல்லிவிட்டார்கள். அதையே நானும் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. நான் இங்கு நிற்பது இரண்டு காரியங்களுக்காக. ஒன்று, என் குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்வதற்கு. மற்றொன்று, ஒரு பொறுப்பை உங்கள் கையில் ஒப்படைப்பதற்கு. வழக்கமாக நீங்கள் பாவசங்கீர்த்தனம் சொல்வீர்கள், நான் கேட்பேன். இன்று ஒரு நாள் நான் சொல்கிறேன், நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாத மாலையில், நெசவுத் தொழிலாளி ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அவர் நம் கோவிலுக்கு வருகிறவரா, வேறு கோவிலுக்குப் போகிறவரா என்பதையும் சொல்லப் போவதில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு மருந்துச் சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பணம் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணினேன். அவர் பணம் கேட்கவில்லை. "சாமி, இதில் நாலு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இவற்றில் எது இல்லாமல் இருக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எழுதிய சீட்டு அது. எந்த மாத்திரையையும் விடக்கூடாது என்று சொன்னேன். அந்த மாதத்து மருந்துக்கு வேண்டிய பணத்தையும் கொடுத்து அனுப்பினேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு அன்றிரவு உறங்கினேன். அடுத்த மாதம் அவர் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. "வரவில்லை என்றால் சமாளித்துக்கொண்டிருப்பார்" என்று எண்ணிக்கொண்டேன். அடைமழை மாதம் அது. மழைக்காலத்தில் தெருவில் பாவு நீட்ட முடியாது என்பதும், தறி நின்றால் கூலியும் நிற்கும் என்பதும் இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார். பிறகு, "தலைசுற்றல் ஒன்றும் இல்லையே" என்று அதையும் நிறுத்திவிட்டார். தை மாதத்தில் ஒரு காலை, தறிக்குழியில் இறங்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. நாற்பது ஆண்டுகள் நாடா எறிந்த கை, இன்று தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க மாட்டாமல் கிடக்கிறது.

மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிடுவது போல என்று மருத்துவர்கள் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஒரு வார்த்தை சொன்னார்: "உங்களிடம் மறுபடியும் வர அவருக்குக் கூச்சமாய் இருந்தது, சாமி." அந்த அம்மாள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆயினும் அந்த வார்த்தை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அன்பார்ந்தவர்களே, நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை பிரசங்கம் செய்தவன் நான். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் காணாமல் போன இருவரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். சமாரியரின் இரக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அந்த மனைவியின் வார்த்தையைக் கேட்ட பிறகுதான் உவமையின் கடைசிப் பகுதியை நான் சரியாகப் படித்தேன். சமாரியர் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார். அந்நாளில் அவையே மருந்து. பின்பு சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். ஒரு தெனாரியம் என்பது ஒரு தொழிலாளியின் ஒரு நாள் கூலி. ஆக, இரண்டு நாள் கூலி. அதோடு அவர் நிறுத்திவிடவில்லை. இதற்கு மேல் செலவானால் தாம் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு தெனாரியத்தை நானும் கொடுத்தேன். திரும்பி வருவேன் என்ற வாக்கைத்தான் நான் கொடுக்கவில்லை. அதுவே என் குற்றம்.

மருந்து உதவி மற்ற உதவிகளைப் போன்றதல்ல. திருமணத்துக்குக் கொடுத்தால் ஒரு முறை. கூரை எரிந்ததற்குக் கொடுத்தால் ஒரு முறை. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் உண்ணும் மாத்திரையோ சாகும்வரை வேண்டும். ஒரு மாதம் கொடுத்து மறு மாதம் கைவிட்டால், பாதி நெய்த சேலையைத் தறியிலேயே விட்டுவிட்டுப் போவது போன்றது. அதை யாரும் உடுத்த முடியாது. பாதியில் நின்ற தருமம் மனத்துக்கு ஆறுதல் தரலாம். உடம்பைக் காப்பாற்றாது.

அதிலும் நெசவாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பாவு வரத் தாமதமானால், சரிகை வரத் தாமதமானால், மழை பிடித்துக்கொண்டால், கூலியும் தாமதம். மாத்திரைக்கோ ஒரு நாளும் தாமதம் பொறுக்காது. வருமானம் விட்டு விட்டு வருகிறது, நோய் மட்டும் விடாமல் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிற பள்ளத்தில்தான் நம் மனிதர்கள் விழுகிறார்கள். அரிசியைக் கடன் வாங்கலாம். பக்கத்து வீட்டில் ஒரு படி கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்க முடியுமா? ஆகவே அதை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் முதலில் விடுவது யார் என்றால், பெரும்பாலும் தாய். பிள்ளையின் மருந்தை வாங்குவாள், கணவனின் மருந்தை வாங்குவாள், தன் சீட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள்.

"அரசாங்கம் இலவசமாகத் தருகிறதே, நமக்கு ஏன் இந்த வேலை?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அரசு செய்திருப்பதை நாம் நன்றியோடு அறிந்துகொள்ள வேண்டும். 1977-ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இன்றியமையாத மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. தேர்ந்தெடுத்த சில நூறு மருந்துகளைக் கொண்டே மக்களின் பெரும்பாலான நோய்களைக் கவனிக்கலாம் என்பது அதன் அடிப்படை. அந்த வழியில் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. மாநிலம் முழுமைக்குமான மருந்துகளை மொத்தமாக, மலிவாக வாங்கி, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கச் செய்யும் அந்த ஏற்பாட்டைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நம் அருகில் காரப்பேட்டையில், புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் 2008 முதலும், மாநில அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி முதலும் குறைந்த விலையில் மருந்து விற்கின்றன.

இத்தனை இருந்தும் ஏன் ஒருவர் மருந்தின்றி இருக்கிறார்? நான் விசாரித்த வரையில் காரணங்கள் சிறியவை. ஒருவருக்கு எங்கே பதிவு செய்வது என்று தெரியவில்லை. ஒருவருக்கு மருத்துவமனைக்குப் போனால் அன்றைய வேலை போகிறது. ஒருவருக்குத் துணைக்கு ஆள் இல்லை. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்து இலவசப் பட்டியலில் இல்லை. இன்னொருவருக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அது மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்குத்தான் பெரும்பாலும் கைகொடுக்கிறது, வீட்டில் அன்றாடம் விழுங்கும் மாத்திரைக்கு அன்று. பெரிய நதி ஊர் எல்லைவரை வந்துவிட்டது, அங்கிருந்து வீட்டுக்கு வாய்க்கால் இல்லை. நாம் வெட்ட வேண்டியது அந்த வாய்க்காலைத்தான்.

இது திருச்சபைக்குப் புதிய பணியல்ல. மருந்தை நிலத்திலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே, அறிவுள்ளவர் அதை வெறுப்பதில்லை என்று சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. ஆகவே, ஜெபம் செய்கிறேன், மருந்து வேண்டாம் என்பது பக்தியல்ல. பாரிஸ் மாநகரின் மிக ஏழ்மையான பகுதியில் தொண்டாற்றிய அருட்சகோதரி ரோசலி ரெண்டு அம்மையார் ஏழைகளுக்காக இலவச மருத்துவ நிலையமும் மருந்தகமும் நடத்தினார். 1833-இல் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய தோழர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்த அம்மையாரே. ஏழை நம் வாசலுக்கு வரட்டும் என்று காத்திராமல், நாம் அவர் வாசலுக்குப் போக வேண்டும் என்பதே அந்தப் பாடம். நான் தவறியதும் அங்கேதான். நம் நாட்டில், ஆஸ்திரேலியாவிலிருந்து குண்டூருக்கு வந்த மருத்துவரான அருட்சகோதரி மேரி குளோரி அம்மையார் 1943-இல் கத்தோலிக்க மருத்துவப் பணியாளர்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் அமைத்தார். 1983-இல் பரோடா நகரில் 'லோகாஸ்ட்' என்ற அறக்கட்டளை, ஏழைகளிடையே பணிபுரியும் தொண்டு நிறுவனங்களுக்குத் தரமான மருந்தை மலிவாகத் தருவதற்கென்றே தோன்றியது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 2006-இல் வின்சென்ட் தே பவுல் சபையாரே ஒரு தரும மருந்தகம் திறந்தார்கள். செல்வம் கொழிக்கும் அந்த நாட்டிலும் மாத்திரை வாங்க இயலாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, கடன்பட்டு மருந்து வாங்கும் நம் மக்கள் வெட்கப்படத் தேவையில்லை என்பது விளங்கும்.

இவற்றையெல்லாம் பார்த்து, நம் சக்திக்கு ஏற்ற ஓர் ஏற்பாட்டைப் பங்குப் பேரவையோடு கலந்து வகுத்திருக்கிறோம். இதற்குப் பெரிய பெயர் எதுவும் வேண்டாம். 'மருந்து நிதி' என்றே அழைப்போம். அதன் முறைகளைக் கேளுங்கள்.

முதலாவது, நாம் மருந்தைச் சேமித்து வைக்க மாட்டோம், கையால் கொடுக்கவும் மாட்டோம். உரிமம் இல்லாமல் மருந்து விற்பதையும் விநியோகிப்பதையும் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் தடுக்கிறது. மீந்த மாத்திரைகளையும் கொண்டுவர வேண்டாம். தில்லியில் 'மருந்து பாபா' என்று பெயர் பெற்ற ஓம்கார்நாத் சர்மா என்ற பெரியவர் வீடு வீடாகச் சென்று மீந்த மருந்துகளைச் சேகரித்து ஏழைகளுக்குப் போய்ச் சேரச் செய்தார். அவர் மனம் பெரியது. ஆனால் காலாவதி பார்க்கவும், கெட்டது நல்லது பிரிக்கவும் தேர்ந்தவர் வேண்டும். நம்மிடம் அந்த வசதி இல்லை. நல்லெண்ணத்தில் கொடுத்த மாத்திரை ஒருவரின் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது.

இரண்டாவது, மருந்துச் சீட்டோடு வருகிறவரை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ துணை சென்று பதிவு செய்விப்போம். இலவசமாகக் கிடைப்பதற்கு நிதியிலிருந்து ஒரு காசும் செலவிடக் கூடாது. படித்த நம் இளைஞர்கள் மாதத்தில் அரை நாள் தந்தால் போதும்.

மூன்றாவது, அங்கே கிடைக்காத மருந்துக்கு மலிவான வழியைத் தேடுவோம். மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று மருந்தின் சொந்தப் பெயர், மற்றது கம்பெனி வைத்த பெயர். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் எத்தனையோ பெயர்களில், எத்தனையோ விலைகளில் விற்கிறது. மலிவானதை எழுதித் தர முடியுமா என்று மருத்துவரையே கேட்போம். நாமாக மாற்றவே கூடாது. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. பாக்கியைக் கட்டுவதே நம் வேலை.

நான்காவது, எஞ்சிய மருந்துக்கு நிதி பணம் கட்டும். நோயாளியின் கையில் பணம் கொடுக்காமல், மருந்துக் கடையில் ரசீது பெற்று மாதா மாதம் நாமே செலுத்துவோம். நம்பிக்கை இல்லாமல் இப்படிச் செய்யவில்லை. வீட்டில் பசித்த பிள்ளை இருக்கும்போது, மாத்திரைக்கென்று கொடுத்த பணம் அரிசியாகத்தான் மாறும். மாறாவிட்டால்தான் ஆச்சரியம். அந்தச் சோதனையில் ஒரு தாயை நாம் நிறுத்தக் கூடாது.

ஐந்தாவது, இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பு, நம்மில் இருவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் நம்மைத் தேடி வரக் கூடாது. "தீரப் போகிறதே, வாங்கி வரலாமா?" என்று நாம்தான் கேட்க வேண்டும். கூச்சம் எந்த வாசலையும் தாண்டி வராது. ஆகவே அன்புதான் வாசலைத் தாண்டிப் போக வேண்டும்.

ஆறாவது, வரவு செலவு ஒவ்வொரு மாதமும் கோவிலில் வாசிக்கப்படும். உதவி பெற்றவர் பெயர் ஒருபோதும் வாசிக்கப்படாது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு வெளியே அது யாருக்கும் தெரியக் கூடாது. சாதி கேட்கப்பட மாட்டாது, சமயமும் கேட்கப்பட மாட்டாது. அடிபட்டுக் கிடந்தவனின் மதம் என்ன என்று சமாரியர் விசாரித்ததாக நான் படித்ததில்லை. தறியின் ஓசை எந்த வீட்டிலிருந்து கேட்டாலும் அது நம் ஊரின் ஓசைதானே!

இனி பணத்தைப் பற்றி. நூறு குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் தருவதாக வைத்துக்கொண்டால், மாதம் 5,000 ரூபாய். ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் தேவை என்று கொண்டால், பத்துப் பேரைத் தாங்கலாம். பத்துப் பேர்தானா என்று எண்ணாதீர்கள். பத்துப் பேரை ஆண்டு முழுவதும் தாங்குவது, நூறு பேருக்கு ஒரு மாதம் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைவிட மேலானது. ஒருவரை ஏற்றுக்கொள்வதற்கு முன்பு, அவருக்கு வேண்டிய ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். ஏனென்றால் நாம் தருவது பணமல்ல, வாக்கு.

அந்த முதல் கையிருப்புக்கு எங்கே போவது? இப்போது நான் சொல்லப் போவது சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். விழா நிதியில் மீந்த தொகையைக் கொண்டு கோவிலுக்கு முகப்பு வளைவு கட்டலாம் என்று நாம் பேசியிருந்தோம். அழகான வளைவு வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருவன். வரைபடம் கூட என் மேசையில் இருக்கிறது. அந்த வளைவு சில ஆண்டுகள் பொறுத்திருக்கட்டும் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். வளைவு இல்லாமல் ஆண்டவர் நம் கோவிலுக்குள் வந்துவிடுவார். மாத்திரை இல்லாமல் அவருடைய பிள்ளைகள் பலர் கோவிலுக்கு வர முடியாமற் போவார்கள். முடிவு உங்களுடையது. வரும் ஞாயிறு பங்குப் பேரவை கூடுகிறது. உங்கள் கருத்தை ஒளிக்காமல் வந்து சொல்லுங்கள்.

நான் சொன்ன அந்தப் பெரியவருக்கு மாதா மாதம் மருந்து போய்க்கொண்டிருக்கிறது. நானேதான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். விழுந்த கை எழவில்லை. ஆயினும் சென்ற மாதம் நான் போனபோது, இடக்கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, குழறிய சொல்லில், "தேதி தவறாமல் வருகிறீர்களே, சாமி" என்றார். அவர் அதை நன்றியாகச் சொன்னார். நான் அதை அபராதமாக ஏற்றுக்கொண்டேன். இந்த அபராதத்தை நான் மாற்றலாகிப் போன பிறகும் கட்டுவதற்கு ஆள் வேண்டும். குருக்கள் வருவார்கள், போவார்கள். பங்கு இருக்கும். அதனால்தான் இந்தப் பொறுப்பை என் கையிலிருந்து எடுத்து, வெள்ளி விழா நாளில், உங்கள் கையில் வைக்கிறேன்.

திரும்பி வருவேன் என்று சொல்லிப் போன சமாரியர் திரும்பி வந்தாரா என்று உவமை சொல்லவில்லை. அதை ஐயம்பேட்டையில் நாம் எழுதி முடிப்போம். பிணியாளரைத் தொட்டுக் குணமாக்கிய நம் ஆண்டவர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும், இந்த ஊரின் ஒவ்வொரு தறியையும் அதில் உழைக்கும் ஒவ்வொரு கையையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.